நோன்புக்காரர் கிண்டும் தொதல்

எட்மண்டனில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தோட்டம். ஏப்ரல் குளிரில் ஒரு பெரிய சட்டி கொதிக்கிறது. மலாய்க்காரரான சலீமா நாளைய பெருநாளுக்குத் தொதல் கிண்டுகிறார். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் தென்னங்கருப்பட்டியும் சேர்ந்து, அல்வாவைப் போலக் கறுத்துத் திரள்கின்றன. கை நின்றால் அடிப்பிடித்துவிடும். அதனால் அவரும், எனக்கு இடம் கொடுத்திருக்கும் யாழ்ப்பாணத்து ராசாத்தி அக்காவும் காலையிலிருந்து துடுப்பை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். அடுக்களை மேசையில் அன்னாசி டார்ட்டும் அச்சு முறுக்கும் டின் டின்னாக இருக்கின்றன. நோன்பு என்பதால் சலீமா எதையும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஒவ்வொரு வருசமும் நான்தான் ருசி பாத்துச் சொல்லுறது," என்கிறார் அக்கா. "இண்டைக்கு வெள்ளி, நானும் விரதம். நீங்கள் சொல்லுங்கோ தம்பி."

"எனக்குப் பலகாரம் பத்தி ஒண்ணும் தெரியாதே அக்கா."

"நாக்கு இருக்குத்தானே."

சலீமா ஒரு கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டுகிறார். ஊதி ஊதிச் சாப்பிடுகிறேன். பசியோடு நிற்கும் இருவரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். தித்திப்பு தொண்டைவரை இறங்குகிறது. ஆனாலும் ஏதோ குறைகிறது. உப்பு கொஞ்சம் போதவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறேன். அக்கா அதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்கிறார்.

சலீமா உடனே உப்பு டப்பாவை எடுக்கிறார். ஒரு நாள் முழுக்கக் கிண்டியதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு, மறுபடியும் துடுப்பைப் பிடிக்கிறார்.

என் பெயரைக்கூட அவர் இன்னும் கேட்கவில்லை.