கீழ்வீட்டு நாலு சாடி

வறுத்த மிளகாயின் காரம் கண்ணைக் கரித்தபோது பக்கத்திலேயே இன்னொரு வாசமும் இருந்தது. ஸ்காபரோவில் ஒரு பிளாசா. தூள் வறுத்துத் திரித்துக் கொடுக்கும் தமிழ்க்கடை ஒன்று. அதற்கு அடுத்த கதவு, இப்போது மூலைக்கு மூலை முளைத்திருக்கிறதே, அந்தக் கஞ்சாக் கடை. மருந்துக்கடை போல வெள்ளை வெளிச்சம், துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் கண்ணாடி. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். காரமும் அந்தப் பச்சை வாசமும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வந்து என் முகத்தில் மோத, கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். இந்த இரண்டு வாசங்களும் சேர்ந்திருந்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். தொண்ணூறுகளின் கடைசியில் அதன் பேஸ்மென்ற்றில், நிலத்தடித் தளத்தில், நான் குடியிருந்தேன்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காத காலம் அது. பனி உருகினால் ஒரு பேஸ்மென்ற், இலை உதிர்ந்தால் இன்னொன்று. ஒரு சூட்கேஸ், ஒரு மெத்தை, எழுதிக் கிழித்த கடதாசிகள் ஒரு பை. எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடித்ததில்லை. இந்த வீட்டில் மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். மேலே வீட்டுக்கார அண்ணையும் அவருடைய மனைவி அக்காவும். கீழே நான். எனக்கும் சூடாக்கி அறைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு. அந்தக் கதவின் கீழ் இடுக்கால் மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து என் மெத்தையின் கால்மாட்டைத் தொடும். உள்ளே மின்விசிறி ஒன்று எப்போதும் மெல்ல முனகும்.

குடிவந்த வாரமே அண்ணை கதவைத் திறந்து காட்டிவிட்டார்.

"தம்பி, ஒளிச்சு வைச்சு உமக்குப் பக்கத்திலை சீவிக்கேலாது. இதுதான் விசயம்."

நாலு சாடி. விளக்குக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில், விரல்களை விரித்த கைகள் போல இலைகள்.

"இது அக்காவின்ரை மருந்து. பிடிக்கேல்லை எண்டா இப்பவே சொல்லும், வேறை இடம் பாத்துத் தாறன்."

எனக்குப் பிடிக்காமல் போக ஒன்றுமில்லை. அக்காவைப் படியில் ஏறும்போது பார்த்திருந்தேன். நரம்பு வருத்தம். கால் தசைகள் திடீரென்று கயிறு முறுக்கியது போல இறுகி இழுக்கும். அப்போது அவர் ஊன்றுகோலால் நிலத்தில் தட்டுவார். கத்தமாட்டார், தட்டுவார். அந்தத் தட்டல் என் கூரையில் கேட்கும். கிளினிக்கில் அதே வருத்தத்தோடு வந்துபோகும் வெள்ளைக்கார மனுசி ஒருவர்தான் முதல் கன்றுகளைத் தந்தவர். அக்கா புகைக்க மாட்டார். அண்ணை நெய்யில் போட்டுக் காய்ச்சி ஒரு போத்தலில் வைத்திருப்பார். காலைப் புட்டுக்கு மேல் அரைக் கரண்டி. அன்று முழுவதும் ஊன்றுகோல் சுவரில் சாய்ந்து நிற்கும்.

அக்கா அந்தச் செடிகளைக் கீழ்வீட்டுக்காரர் என்பார். "கீழ்வீட்டிலை அஞ்சு பேர். அதிலை உம்மை மட்டும்தான் தண்ணி ஊத்தாமல் வளர்க்கிறம்," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

பிரச்சினை வாசம். செடியை வெட்டிக் காயவிடும் நாட்களில் அது சுவரையும் துளைத்துத் தெருவுக்குப் போகும். அதற்கு வழி கண்டுபிடித்தவர் அக்கா. அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் தூள் வறுப்பார்கள். மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் பெரிய தாச்சியில்.

"எங்கட வீட்டிலை என்ன மணந்தாலும் வெள்ளைக்காரனுக்கு அது கறி மணம்தான். கண்டுபிடிக்க மாட்டான்," என்பார்.

அந்தக் குடும்பத்தின் தூள் எப்போதும் புதிதாக இருந்ததற்கு அதுதான் காரணம். எனக்கும் ஒரு போத்தல் கிடைக்கும்.

அண்ணை பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. அகதியாக வந்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து, குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். தபால்காரர் வரும் நேரம் வீட்டில் இருந்தால் யன்னலை விட்டு நகரமாட்டார். "பிடிபட்டா வழக்கோடை நிக்காது தம்பி. பேப்பரையும் பறிச்சு, ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்," என்று ஒருமுறை சொன்னார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. அங்கே அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆகவே அந்த நாலு சாடிகளில் வளர்ந்ததை நான் எப்போதும் இரண்டாகவே கண்டேன்: அக்காவின் காலும், அண்ணையின் நாடும்.

அந்த நாட்களில்தான் நோயாளிகளின் வழக்குகள் செய்திகளில் அடிபடத் தொடங்கின. மருந்தாகவாவது அனுமதிக்கலாமா, முழுவதுமே சட்டமாக்கலாமா என்று தொலைக்காட்சியில் ஆட்கள் கத்தினார்கள். கத்தல் எங்கள் குசினி மேசைக்கும் வந்தது.

"சட்டமாக்கட்டும்," என்றார் அக்கா. "பனடோல் மாதிரிக் கடையிலை வாங்கிக் குடிச்சிட்டுக் கிடப்பன். நீங்களும் ஒரு நாள் நெஞ்சிடி இல்லாமல் நித்திரை கொள்ளுவியள்."

"நீர் ஒரு விசர்க்கதை. சட்டம் வந்தா ஆர் வருவான்? கொம்பனி வருவான். பெரிய கண்ணாடி வீடு கட்டுவான். லைசென்ஸ் அவனுக்கு. எங்களை மாதிரி நாலு சாடி வைச்சிருக்கிறவனுக்கு என்ன? இப்ப பொலிசுக்குக் கள்ளன், அப்ப கொம்பனிக்குக் கள்ளன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"கொம்பனி தந்தா என்ன, கோயில் ஐயர் தந்தா என்ன? கால் இழுக்காமல் இருந்தாச் சரி."

"அவன் தாறது உமக்கு ஒத்துக்கொள்ளுமோ? உமக்கு எந்தச் செடி சரி எண்டு கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது. அந்த மூலைச்சாடி இல்லையெண்டா உமக்குத் தலை சுத்தும். கொம்பனிக்கு மூலைச்சாடி தெரியுமோ?"

"தம்பி, பாத்தீரே? உவருக்கு என்னிலும் பார்க்க மூலைச்சாடியிலைதான் பட்சம்."

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது.

பிறகு ஒருநாள் கிளினிக் மனுசி வந்தார். தேவாலயமொன்றின் மண்டபத்தில் கூட்டம், அரசியல்வாதி ஒருவரின் அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார், நோயாளிகள் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் வளர்க்கிறவர் ஒருவரும் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். "நீங்கள் பேசுங்கள். சிறிய அளவில் வளர்க்கிறவர்களையும் சேர்த்துத்தான் சட்டம் எழுத வேண்டும் என்று சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை," என்றார். அக்கா அவருக்கு வழக்கம்போல வடை சுட்டு ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் கொடுத்தனுப்பினார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம் என்று எப்போதோ சொல்லியும் வைத்திருந்தார். அந்த மனுசி அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பெட்டியில் ஏதாவது போட்டுத்தான் திருப்பித் தருவார். அப்பிள், பிஸ்கட், ஒருமுறை பின்னிய கையுறை.

அவர் போனதும் அண்ணை போகலாம் என்றார். அக்கா கூடாது என்றார்.

"சட்டம் வேணும் எண்டு நீர்தானே சொன்னீர்!"

"சட்டம் வரட்டும். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. வளர்க்கிறன் எண்டு மண்டபத்திலை எழும்பிச் சொல்லிப்போட்டு, பேந்து தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிப்பியளோ?"

அதற்கு முடிவு வரவில்லை. அதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்தது.

வெளியே பனி. முற்றத்தில் வறுக்க முடியாது. குசினி ஸ்மோக் அலாமுக்கு அண்ணை வழமைபோலக் குளிக்கும் தொப்பி ஒன்றைப் போட்டு மூடினார். அக்கா கதிரையில் இருந்தபடி தாச்சியைக் கிளறினார். கீழே சூடாக்கி அறையில் கொடி கட்டி, வெட்டிய செடிகள் தலைகீழாகத் தொங்கின. மிளகாய் கருகி எழுந்த புகையைச் சூடாக்கியின் காற்றுக்குழாய் இழுத்து வீடு முழுக்க ஊதியது. என் அறையில் இருந்த அலாமுக்குத் தொப்பி போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அது அலறத் தொடங்கியது. நாங்கள் மூவரும் இருமிக்கொண்டு யன்னல்களைத் திறந்தோம். பனிக்குளிரில் புகை வெளியே போவதைப் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். உடனே போன் பண்ணிவிட்டார்.

வாசம் மறைக்க வறுத்த தூள் தீயணைப்பு வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

கனத்த சப்பாத்துகளோடு உள்ளே வந்தவர்கள் இரண்டு மூச்சில் இருமத் தொடங்கினார்கள். அக்கா தாச்சியைக் காட்டி, கண்ணீர் வழிய, "கறி, கறி," என்றார். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், மீசை வைத்தவர், கீழே அலாம் அடிக்கிறதே என்று படியிறங்கினார். அண்ணையின் கை படிக்கட்டின் பிடியில் இருந்தது. பலகைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாமை நீண்டது, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வருமளவு நீண்டது.

மீசைக்காரர் மேலே வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அக்காவின் ஊன்றுகோலைப் பார்த்தார், விறைத்து நீண்டிருந்த காலைப் பார்த்தார்.

"கீழே நெருப்பில்லை," என்று மற்றவரிடம் சொன்னார். பிறகு அக்காவிடம், "அடுத்த முறை வெளியில் வறுங்கள், அம்மா. அலாமை ஒருபோதும் மூடாதீர்கள்."

வண்டி போய்விட்டது. அண்ணை கீழே இறங்கினார். காயப்போட்டதையும், வெட்டாமல் விட்டிருந்த அடிக்கட்டைகளையும், மூலைச்சாடியையும், நெய்ப்போத்தலையும் குப்பைப் பைகளில் போட்டுக் கட்டினார். மீசைக்காரர் பார்த்துவிட்டார், சொல்லாமல் விடுவார் என்று எப்படி நம்புவது? நான் உதவிக்குப் போனேன். "வேண்டாம் தம்பி, நானே செய்யிறன்," என்றார். விளக்கு அணைந்தது. என் கால்மாட்டிலிருந்த மஞ்சள் கோடு போய்விட்டது.

மேலே தட்டல் தொடங்கியது. காலையில் தட்டல், வேலையால் வந்தால் தட்டல். ஊன்றுகோலுக்கு அடியில் அக்கா துணி சுற்றிவிட்டார், கீழே எனக்குக் கேட்கக் கூடாதென்று. துணி சுற்றிய தட்டல் இன்னும் கூடக் கேட்டது. பொலிஸ் வரவில்லை. தபாலில் குடியுரிமைக் கடிதமும் வரவில்லை.

கூட்டத்தன்று அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"இப்ப என்னட்டை ஒண்டுமில்லை. இப்ப கதைக்கலாம்," என்றார். அக்கா மறுக்கவில்லை. தானும் வருவதாகச் சொன்னார். நானும் போனேன்.

மண்டபத்தில் அண்ணை எழும்பினார். அவருடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனங்கள். "நான் விற்கிறவன் இல்லை. கொம்பனியும் இல்லை. நான் புருசன். மனைவிக்காக நாலு சாடி வளர்த்தேன். பயத்தில் பிடுங்கி எறிந்தேன். சட்டம் எழுதினால் அதில் நாலு சாடிக்கு இடம் விடுங்கள்." கதிரையில் இருந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

கழுத்துப்பட்டி கட்டியிருந்த இளைஞர், அந்த அரசியல்வாதியின் அலுவலகத்து ஆள், மரியாதையாகவே பதில் சொன்னார். தரம் பார்க்க வேண்டும், பாதுகாப்புப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வீட்டையும் யார் போய்ப் பார்ப்பது? நடந்தால் உரிமம் பெற்ற பெரிய இடங்கள்தான் வளர்க்கும். அதற்கும் சில வருடங்கள் ஆகும்.

அண்ணை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேனே என்ற பார்வை அது. அதில் வெற்றி கொஞ்சமும் இல்லை.

"அவருக்குச் சில வருசம்," என்றார் அக்கா மெல்ல. "என்ர காலுக்கு இண்டைக்குப் பின்னேரம்."

வெளியே வந்து காரில் ஏறியதும் கிளினிக் மனுசி ஓடிவந்து அந்த ஐஸ்கிரீம் பெட்டியை அக்காவின் மடியில் வைத்து, கையை அழுத்திவிட்டுப் போனார். காரில் நான் பின்னால் இருந்தேன். அக்கா பெட்டியின் மூடியில் இரண்டு கைகளையும் வைத்திருந்தார், சூடான சோற்றைக் கொண்டுபோகிறவரைப் போல.

"உதுக்கை என்ன?" என்றார் அண்ணை.

"கேக்."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அண்ணை மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"எத்தினை?"

"ரெண்டு கன்று. ஈரத்துணியிலை சுத்தியிருக்கு."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"பேப்பர்?" என்றார் அண்ணை.

"பேப்பர் வரேக்கை வரட்டும். தண்டம், மறியல்வீடு எண்டு என்ன வந்தாலும் ரெண்டு பேருமாப் பாப்பம். தம்பி, உமக்குப் பயமெண்டா இப்பவே சொல்லும்."

"எனக்கு வெளிச்சமில்லாமல் நித்திரை வருதில்லை, அக்கா," என்றேன். அண்ணை பின்பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

பனி உருகியது, என் காலும் வழக்கம்போல அரிக்கத் தொடங்கியது. ஒஷாவாவில் ஒரு வேலை, அங்கேயே ஓர் அறை. போகும் நாளில் சூட்கேஸையும் கடதாசிப் பையையும் வாசலில் வைத்துவிட்டு, மெத்தையை எடுக்கத் திரும்பவும் கீழே இறங்கினேன். பலகைக் கதவு திறந்து கிடந்தது. மூலையில் புதுச் சாடி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் முழங்கால் உயரம். மூன்றாவதும் நாலாவதும் மண் நிரப்பிக் காத்திருந்தன. மெத்தையைத் தூக்கியதும், திறந்த கதவால் வந்த மஞ்சள் வெளிச்சம் வெறும் நிலத்தில் விழுந்தது.

அண்ணை மெத்தையை வாங்கிக் காருக்கு மேல் கட்டப் போனார். அக்கா படியின் மேல் நின்றார். கைகளில் ஒன்றுமில்லை, ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. புதிதாக வறுத்த தூள் ஒரு போத்தல் ஏற்கெனவே என் பையில் இருந்தது. போயிட்டு வாறன் என்றேன். தலையாட்டினார். நான் செருப்பை மாட்டியபோது திறந்திருந்த வாசற்கதவால் ஒரு குளிர்காற்று புகுந்து கீழ்வீட்டுக்குப் படியிறங்கியது.

"அந்தக் கதவைச் சாத்திப்போட்டுப் போம் தம்பி," என்றார். "அவைக்குக் குளிர் பிடிக்கப்படாது."