அப்பாவின் கண்ணுக்குள் அடைத்துக்கொண்ட பகிடி

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் பதவி என்னிடம் வந்து சேர்ந்தது. அம்மாவின் பிரெஞ்சு கடைத்தெருவோடு நின்றுவிடும். அப்பாவின் பிரெஞ்சு அவர் வேலை செய்த உணவகத்துச் சமையலறைக்குள் பிறந்து அங்கேயே வளர்ந்தது. ‘கெதியாய்’, ‘சூடு’, ‘தட்டு’, ‘வழிவிடு’ என்பவற்றைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. ஆகவே விசாக் கடதாசிக்குப் போகிற பிரிபெக்ச்சூர் அலுவலகத்தில் நான், வங்கியில் நான், என்னைப்பற்றி முறையிடுவதற்காக ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்ட நாளிலும் நடுவில் நான். தெரியாத சொல் வந்தால், பக்கத்தில் இருக்கிற தெரிந்த சொல் ஒன்றைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிடுவேன். அதுவரை யாரும் என்னைக் கண்டுபிடித்ததில்லை.

நாங்கள் லா சப்பலில், மெட்ரோ நிலத்துக்கு மேலே பாலத்தில் ஓடுகிற பக்கமாக, ஒரு நாலாம் மாடியில் இருந்தோம். எதிர்க்கதவு ஒரு துருக்கிக்காரப் பெண்மணியுடையது. நான் அவரைத் துருக்கி அன்ரி என்பேன். கீழ்த்தெருவில் உடுப்புத் திருத்தித் தைக்கும் கடையும், உடுப்பு மூட்டைகள் ஏற்றும் ஒரு வெள்ளை வானும் அவருக்கு இருந்தன. கதவைத் தட்டுவார், ஆனால் திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவர் வந்தால் வீடு மாறிவிடும். பகிடி விடாமல் அவரால் செருப்புக்கூடக் கழற்ற முடியாது. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அப்பா அப்படி இல்லை. அப்பா நல்லவர். ஆனால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. யாராவது பகிடி சொன்னால், பஸ் வருகிறதா என்று பார்ப்பவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று காலையிலிருந்தே அவருக்குத் தலையிடி. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, ‘லைட்டைச் சுத்தி வளையம் வளையமாய்த் தெரியுது, வானவில் மாதிரி’ என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சமையலறை விளக்கை வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மத்தியானம் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். மாமா ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இந்த ஆடு சாகேக்கை பிரெஞ்சிலை கத்தியிருக்குமோ?” என்றார். அம்மா சிரித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“வாயை மூடடா! எப்ப பாத்தாலும் பகிடி, பகிடி!”

குழம்பு மேசை விரிப்பில் பரவியது. தொட்டிலில் தம்பி வீரிட்டான். அப்பா சோபாவில் போய் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

“மனுசனுக்குப் பித்தம் தலைக்கேறிப்போச்சு” என்றார் அம்மா, மாமாவிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில். தேசிக்காய் பிழியச் சமையலறைக்குப் போனார்.

சத்தம் கேட்டு, தட்டிய கையோடு துருக்கி அன்ரி உள்ளே வந்துவிட்டார். அப்பாவின் முதுகைப் பார்த்தார், மேசை விரிப்பைப் பார்த்தார், எல்லாம் விளங்கியவர்போல் தலையை ஆட்டினார். அம்மாவிடம் சொல்லும்படி என்னிடம் தன் துருக்கிப் பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னார். நான் அதை அப்படியே சொன்னேன்.

“அம்மா, ஆம்பிளையள் இப்பிடி நிக்கேக்கை எதிர்த்துக் கதைக்கக்கூடாதாம். அவையின்ரை தண்ணிக்குப் போகோணுமாம்.”

“என்ன தண்ணிக்கு?”

“அப்பாவின்ரை தண்ணிக்கு.”

அம்மா சிறிது யோசித்தார். பிறகு தேசிக்காயை வைத்துவிட்டு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினார். அன்ரி கையை விரித்து, இல்லை இல்லை என்று ஏதோ சொன்னார். அப்பா இரண்டு வாய் குடித்தார். குடித்த உடனேயே சோபாவுக்கு அருகில் சத்தி எடுத்தார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர் இன்னமும் கோபமாக இருக்கிறாரா என்று அறிவதுதான் என் நோக்கம். கோபம் தெரியவில்லை. வலது கண் செக்கச்செவேலென்று இருந்தது. நடுவிலிருந்த கறுப்பைக் காணவில்லை. குளிர்காலத்துச் சன்னல் கண்ணாடிபோல அது புகார் பிடித்துக் கிடந்தது.

“அப்பாவின்ரை கண்ணிலை புகை” என்றேன், முதலில் தமிழிலும் பிறகு பிரெஞ்சிலும்.

அன்ரி குனிந்து பார்த்தார். உடனே கொக்கியிலிருந்த அப்பாவின் கோட்டை எடுத்து அவர்மேல் எறிந்தார்.

அன்ரி ஓட்ட, அப்பா முன்னால் இருந்தார். வானின் பின்பக்கத்தில் இருக்கை இல்லை. மாமாவும் நானும் கலியாண உடுப்பு மூட்டைகளின்மேல் இருந்துகொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா தம்பியோடு நின்றுவிட்டார். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையப் பக்கமாகத் திரும்பும்போது அப்பா முனகுவது முன்னாலிருந்து கேட்டது. மாமா அவ்வளவு தூரமும் ஒரு பகிடிகூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அவசரப் பிரிவில் இருந்தவர் நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல வெட்டியிருந்த ஒரு டொக்டர் அம்மா. அப்பாவின் கண்ணை ஒரு கருவிக்குள் பார்த்தவர், நிமிராமலே தாதியிடம் விரைவாகச் சில மருந்துப் பெயர்களைச் சொன்னார். அப்பாவின் கையில் ஊசி ஏறியது, கண்ணில் சொட்டு மருந்து விழுந்தது. அதன்பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பி, யாருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன், வகுப்பில் உயர்த்துவதுபோல.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார். பிரச்சினை யுமேர். அது வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. உள்ளே சேர்ந்து சேர்ந்து கண்ணை அமுக்குகிறது. நாளை காலைவரை விட்டிருந்தால் கண் போயிருக்கும். முதலில் மருந்து; பிறகு லேசரால் ஒரு சிறிய துளை.

யுமேர் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். காலையில் எங்கள் ஆசிரியை இன்று தனக்கு நல்ல யுமேர் என்றோ கெட்ட யுமேர் என்றோ சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவார். மனநிலை. மூட். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் மாமாவிடம் திரும்பினேன்.

“அப்பாவின்ரை மூட்தானாம் பிரச்சினை. வெளியாலை போக வழியில்லாமல் கண்ணுக்குள்ளை அடைச்சு நிக்குதாம். லேசராலை ஓட்டை போட்டு வெளியிலை எடுப்பினமாம்.”

மாமா என்னைப் பார்த்தார். “அவ என்ன சொல்லைச் சொன்னவ?”

“யுமேர்.”

“ஹியூமரோ? அது பகிடியெல்லே!”

அவர் சொன்னது சரியா பிழையா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. அப்பா ஏன் சிரிப்பதில்லை என்பதற்கு இத்தனை வருடமும் யாரும் சொல்லாத காரணம் அதுதான். பகிடி அவரிடம் இல்லாமல் இல்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது.

மருந்து வேலை செய்யும்வரை நடைபாதையில் காத்திருந்தோம். துருக்கி அன்ரி கைப்பையிலிருந்து பூசணி விதைகளை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். எதற்காக அந்த மனிதர் ஹியூமர் என்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. துருக்கியில் அதற்கு ஒரு சொல் போதாது என்றார். சிநேகிதிக்குச் செய்வது ஷகா. பத்திரிகையில் அச்சடித்து வருவது மிஸாஹ். இரண்டு நாள் கழித்துத் தனியாக இருக்கும்போது நினைத்துச் சிரிப்பது நூக்தெ. அதைச் சொல்லக் கெட்டிக்காரர் வேண்டும். தன் புருசனுக்கு வராது. மனிதர் பிறக்கும்போதே கொண்டுவருகிற சுபாவம் மிஸாச்.

மிஸாஹ், மிஸாச். நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கடைசி ஒலி மட்டும்தான் வேறு. பிரெஞ்சிலும் அப்படித்தான்: யுமேர் என்றால் மனநிலை, யுமூர் என்றால் பகிடி. ஒரே ஒரு ஒலி தள்ளி வாயை வைத்தால் ஒருவனுடைய கோபம் சிரிப்பாகிவிடுகிறது. ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு மொழிகள் எப்படி இப்படிப் பேசிவைத்துக்கொண்டன? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துருக்கிச் சொற்கள் இரண்டும் உறவே இல்லாதவை, ஒலி ஒத்துப்போனது தற்செயல் என்று வளர்ந்தபின் படித்தேன். ஆனால் அந்த நடைபாதையில் உலகம் முழுவதும் யாரோ தைத்து வைத்த ஒரே துணியாக எனக்குத் தெரிந்தது.

“இங்கிலீசிலை எல்லாத்துக்கும் ஒரே சொல்லுத்தான்” என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாக. “பகிடியும் ஹியூமர், ஆளின்ரை மூடும் ஹியூமர். கோவத்திலை நிக்கிற ஆளோடை சண்டைக்குப் போகாமல், அவர் சொல்லுறதுக்கெல்லாம் ‘ஓம் ஓம்’ எண்டு இழுபட்டுப் போறது இருக்கெல்லே, அதுக்கும் ஹியூமர் எண்டுதான் சொல்லுவினம்.”

நான் அதை அன்ரிக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தொடையில் ஓங்கி அடித்தார். அதைத்தானே நான் உன் அம்மாவுக்குச் சொன்னேன்! அவன் தண்ணிக்குப் போ! ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகப் போ! துருக்கியில் அதற்கு அப்படித்தான் சொல்வார்கள். உன் அம்மா ஏன் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்?

நான் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே மாமா சிரிக்கத் தொடங்கினார். அன்ரி சிரித்தார். அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு மொழிகூட இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் மறுபடி தொடங்கினார்கள். தாதி வந்து உதட்டில் விரல் வைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் மாமா விதைக் கோதுகளைக் கையில் பொறுக்கினார்.

“உனக்குத் தெரியாது பிள்ளை. உன்ரை அப்பனும் சித்தப்பனும் சேந்தால் செத்தவீட்டிலையும் ஆக்களைச் சிரிக்கவைப்பினம். நானெல்லாம் அவையளிட்டைப் படிச்சதுதான்.”

சித்தப்பாவை எனக்கு மாலை போட்ட படமாகத்தான் தெரியும். மீசை அரும்பிய முகம். எங்கள் வீட்டில் அவருடைய பேரை யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்கு அப்போது முக்கியமாகப் பட்டது வேறு: பகிடி உள்ளே இருக்கிறது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

லேசர் அறைக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். நேரே பார், அசையாதே என்று டொக்டர் அம்மா சொன்னதை நான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். “நேரை பாருங்கோ அப்பா. அசையாதேங்கோ” என்றேன். அப்பாவுக்கு நான் கட்டளையிட்டது அதுவே முதல் தடவை, அவர் கீழ்ப்படிந்ததும்தான். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். சின்னச் சின்ன வெடிச் சத்தங்கள் கேட்டன. அவ்வளவுதான்.

முடிந்தபின் அந்த டொக்டர் அம்மா, யுமேர் என்பது கண்ணுக்குள் ஓடுகிற நீருக்குப் பழைய வைத்தியர்கள் வைத்த பெயர் என்றார். உடம்புக்குள் ஓடுகிற நீர்கள்தான் மனிதருடைய குணத்தை ஆக்குகின்றன என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். பிறகு, “பார்க்கிறாயா?” என்று கேட்டார். கருவியின் பக்கத்தில், படிக்க வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று இன்னொரு குழாய் இருந்தது. என்னை ஒரு முக்காலியில் ஏற்றினார்.

நான் கறுப்பென்று நினைத்திருந்த அப்பாவின் கண் கறுப்பே அல்ல. செம்மண், தேன், பழைய செம்பு, இவை எல்லாவற்றாலும் நெய்த ஒரு பெரிய நிலம். நூல் நூலாக எல்லாம் நடுவிலிருந்த கிணற்றை நோக்கி இறங்கின. அந்த நிலத்துக்கு முன்னால் தண்ணீர் நின்றது. அவ்வளவு தெளிவான தண்ணீர், பொன் தூசிகள் அதில் மெல்லச் சுழன்றதால்தான் தண்ணீர் இருப்பதே தெரிந்தது. மேல் ஓரத்தில் புதிய துளை. அதன் வழியே உள்ளிருந்து செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது. கறி வெட்டி, கோப்பை கழுவி, பேசாமல் வந்து படுக்கிற என் அப்பா இதைத்தானா இத்தனை நாளும் முகத்தில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் போய்வந்தார்? கோவிலிலும் தேவாலயத்திலும் கும்பிடச் சொல்லி என்னைக் கூட்டிப்போன எந்த இடத்திலும் நான் அப்படி நின்றதில்லை.

வெளியே நடைபாதையில், வலது கண்ணில் கண்ணாடி மூடியோடு அப்பாவை உட்காரவைத்தார்கள். கண்நோ போய்விட்டது என்றார் அப்பா. மாமா அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, “மச்சான், உன்ரை மகள் கண்டுபிடிச்சிட்டாள். உன்ரை பகிடியெல்லாம் கண்ணுக்குள்ளை அடைச்சுக் கிடந்ததாம்” என்றார்.

அப்பா ஓர் இளம்பெடியனின் குரலில், மூக்கால் இழுத்து, எனக்குத் தெரியாத யாரோ ஒருவராக மாறிச் சொன்னார்:

“‘அண்ணை, ஓட்டை போட்டது சரி. வடிஞ்சு முடிஞ்சிடாமல் ஒரு மூடியும் போட்டுவிடச் சொல்லு.’ என்ரை தம்பி இருந்திருந்தால் இப்பிடித்தான் சொல்லியிருப்பான்.”

மாமா உரக்கச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். தோள் குலுங்கியது, பல் தெரிந்தது, நின்று நின்று மறுபடி வந்தது. கண்ணாடி மூடிக்குக் கீழிருந்து ஒரு நீர்க்கோடு கன்னத்தில் இறங்கியது. வேலை செய்கிறது! வழி திறந்துவிட்டது! நான் துள்ளினேன். ஆனால் பார்த்தால், துளை போடாத இடது கண்ணிலிருந்தும் அதேபோல வடிந்தது.

இது முறையில்லாத காரியமாகப் பட்டது. ஓடிப்போய் டொக்டர் அம்மாவின் வெள்ளைக் கோட்டைப் பிடித்திழுத்து, துளை இல்லாத கண்ணிலிருந்தும் யுமேர் ஓடுகிறது என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். அப்பாவையும் மாமாவையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லதுதான்” என்றார் மெல்ல. “ஓட விடு.”

நான் திரும்பி ஓடிவந்து என் கடமையைச் செய்தேன்.

“அப்பா, அது நல்லதாம். ஓட விடட்டாம்.”

உடனே அப்பாவின் சிரிப்பு நின்றது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணை அழுத்தக்கூடாதென்று சொல்லியிருந்தார்களே என்று நான் அவருடைய விரல்களைப் பிடித்து விலக்கப் பார்த்தேன். மாமா என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய நெஞ்சும் குலுங்கியது. துருக்கி அன்ரி, அவருக்கு நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, எழும்பிப்போய் எங்களுக்கு முதுகு காட்டிச் சன்னலடியில் நின்றார்.

எங்கேயோ ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.