காவின் ஒரு நாள், கல்யாணம் ஒரு நாள்

படிவம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில் இருப்பவனுக்கு ஊரில் எல்லாருடைய பிறந்த திகதியும் தெரியும், தன் மனைவியின் பிறந்த நாள் மட்டும் மறந்துபோகும். சாய்ந்தமருதில் ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு கொம்பியூட்டர், இரண்டு கதிரைகளோடு பதினைந்து வருடமாக இப்படித்தான் வயிறு வளர்க்கிறேன். விசாப் படிவத்தின் முன்னால் ஒரு தடவையாவது வியர்த்துப்போய் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வயல் எடுத்துக் கொடுத்த விசா

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு லோயரைப் பிடிக்கவா, நாமளே செய்வமா?" என்றுதான். நிந்தவூர் ஹுசைன் சேர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்குப் படிவத்தைப் பென்சிலால் தானே நிரப்பிக்கொண்டு வந்தார், நான் டைப் பண்ணிக் கொடுத்தால் போதும். நாட்டுக்குத் திரும்பி வருவதற்கு என்ன காரணம் என்று கேட்ட இடத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். சாகாமத்தில் இருக்கும் தன் வயல், குளத்தில் தண்ணீர் திறக்கும் காலம், தான் நிற்காவிட்டால் பக்கத்து வயல்காரன் வரம்பை எந்தப் பக்கம் நகர்த்துவான் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது.

இரண்டு வரியாக்குவோம் சேர் என்றேன். மனுஷன் ஒரு சொல்லைக்கூட வெட்ட விடவில்லை. விசாவும் வந்தது. பாராட்டிய என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "வேளாண்மய உட்டுப்போட்டு ஆராவது அங்க நிண்டுருவானா தம்பி? அத எழுத எனக்கு லோயர் எதுக்கு?"

எனக்கு வந்த தலைக்கனம்

விசா சேருக்குக் கிடைத்தது, தலைக்கனம் எனக்கு வந்தது. அடுத்த கிழமை எங்கள் தெருவில் இருக்கும் நஸ்ரீன் வந்தாள். கணவர் ரிஸ்வான் லண்டனில் வேலை. மகளுக்கு இரண்டரை வயது, வாப்பாவைப் போன் கண்ணாடிக்குள்தான் தெரியும். இரண்டு பேரும் அவரிடம் போய்ச் சேர வேண்டும். கொழும்பில் லோயரைப் பிடிப்பதா, என்னிடமே தருவதா என்று யோசித்து யோசித்து ஒரு மாதம் போய்விட்டதாம்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் லோயரா? தாங்க, ரெண்டு நாளில முடிப்பம்" என்றேன். அண்ணன் முறை வைத்து அந்தப் பிள்ளை என்னை நம்பியது. "உங்கட கையாலயே போகட்டும் காக்கா. மறுகா அல்லாஹ் இரிக்கான்."

இரண்டு திகதிகள்

இரண்டு மாதத்தில் நிராகரிப்பு வந்தது. கடைக்குள் நின்று அந்த மின்னஞ்சலை நானே அவளுக்கு வாசிக்க வேண்டியிருந்தது. திருமணப் பதிவுப் பத்திரத்தில் ஒரு திகதி, படிவத்தில் வேறொரு திகதி, ஆகவே இந்தத் திருமணத்தை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் காவின் ஒரு நாள் எழுதுவோம். நிக்காஹ்வும் பதிவும் அதோடு முடிந்துவிடும். விருந்து வைத்து மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிவரும் கல்யாணம் மாதக்கணக்கில் பிந்தி நடக்கும். குடும்ப வாழ்க்கையை அன்றிலிருந்துதான் எண்ணுவோம். ரிஸ்வானுக்குக் காவின் எழுதி எட்டு மாதம் கழித்துத்தான் கல்யாணம். நானோ பத்திரத்தைத் திறந்தும் பார்க்காமல், அழைப்பிதழில் இருந்த நாளைப் படிவத்தில் போட்டிருந்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த நாளைத்தான் சொல்வார்கள். ஆனால் படிவம் ஊரில் வாசிக்கப்படுவதில்லையே.

அவள் என்னை ஏசியிருக்கலாம், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னது இவ்வளவுதான்: "வாசிச்சி முடிஞ்சா மூடுங்க காக்கா. வாப்பாட்ட எப்ப போற எண்டு புள்ள கேட்டுக்கிட்டே இரிக்கி."

பிழை விட்டவர்

அதற்குள் ஓர் ஏஜென்ட் மூக்கு வேர்த்து வந்துவிட்டான். பழைய நிராகரிப்பை மறைத்துப் புதிதாகப் போடலாம், உள்ளுக்குள் தனக்கு ஆள் இருக்கிறது என்றான். நஸ்ரீனின் உம்மா பாதி மனம் இளகிவிட்டார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். என் தொழிலில் நான் செய்த ஒரே கெட்டித்தனம் அதுவாகத்தான் இருக்கும். நானே விசாரித்து, கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசினேன்.

அந்த அம்மா முதலில் பத்திரத்தைத்தான் கேட்டார். பிறகு, உங்கள் ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்டார். பதினைந்து வருடத்தில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி அது. ஊர் வழக்கத்தை விளக்கும் பள்ளிவாசல் கடிதம், இரண்டு நாளின் படங்கள், நிராகரிப்பை மறைக்காத புதிய விண்ணப்பம் என்று ஒழுங்காகச் சொன்னார். திகதி எப்படி மாறியது என்பதற்கு ஒரு சத்தியக் கடதாசியும் வேண்டும் என்றார். நீங்களே எழுதிவிடுங்கள் மேடம் என்று மெல்ல நழுவப் பார்த்தேன். "பிழை விட்டவரே எழுதட்டும். உங்களை விட அது வேற ஆருக்குத் தெரியும்?"

எழுதினேன். இது என் கவனக்குறைவு, இந்தப் பெண் சொன்னது எல்லாம் உண்மை என்று முழுப் பெயரோடு கையெழுத்து வைத்தேன். வாடிக்கையாளர்கள் கேள்விப்பட்டால் என் கதை முடிந்தது என்று பயமும் இருந்தது.

இரண்டு பெட்டி மஸ்கட்

விசா வந்த அன்று நஸ்ரீன் மகளையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. என்னை ஏசாத அவளுக்கும், என்னைத் தப்பவிடாத அந்தச் சட்டத்தரணிக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். மேசையில் மஸ்கட் இனிப்பு இரண்டு பெட்டி வைத்தாள். "ஒண்டு லோயரம்மாவுக்கு, பஸ்ஸில போட்டு உடுங்க. மத்தது உங்களுக்கு காக்கா, பிழய ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்ததுக்கு, பிழ உட்டதுக்கு இல்ல."

இப்போதெல்லாம் லோயரைப் பிடிக்கவா என்று யாராவது கேட்டால், காவின் எப்போது, கல்யாணம் எப்போது என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பத்திரத்தை நானே வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.