சுருட்டி வைத்த இருதயம்

டாக்டர் அறைச் சுவரில் தொங்கிய உடற்படத்தின் வார்னிஷ் வாடை, பின்னாளில் கடல் கொண்டுபோன எங்கள் மணவாளக்குறிச்சிப் பள்ளிக்கூடக் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது. காலைச் சுடும் கறுப்பு மணலில் கைவீசி, குனிந்து, நிமிர்ந்து தினமும் இரைக்க இரைக்க நிற்போம். இதேபோன்ற படம் ஒன்றை, மீன்காரப் பிள்ளைகளின் கை பட்டால் நாறும் என்று டிரில் சார் சுருட்டியே வைத்திருப்பார். ஒருநாள் என்னிடம், “இருதயம் எங்க இருக்கு, ஏட்டி?” என்று கேட்டார். வீட்டிலிருந்த சேசுவின் திரு இருதயப் படத்தில் கண்டபடி நடுநெஞ்சைத் தொட்டேன்.

“இடப்பக்கமாக்கும், மூதேவி” என்று அந்த விரல்களிலேயே பிரம்பால் அடித்தார்.

இப்போது இந்த டாக்டர் அறைப் படத்தில் பார்க்கிறேன். இருதயம் நடுநெஞ்சில்தான் இருக்கிறது, நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பாவி ஒருநாளும் படத்தை விரித்துப் பார்த்ததே இல்லை.