வீட்டுக்கு ஆறு பொட்டலம்

அம்மா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும், அம்மாவின் மீன் மசாலாவை வாங்கிக் குழம்பு வைத்த அத்தனை பேருக்கும் மகளின் வணக்கம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்த அம்மா, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தார்கள். துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய அப்பா விபத்தில் இறந்தபோது எனக்கு வயது பத்து, தம்பிக்கு ஆறு. அம்மா மிளகாயையும் மல்லியையும் மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து, பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அடுத்த மிளகாய் மூட்டை வாங்கும் நேரம் கையில் காசு இருக்காது. முதல் வருடமே கம்மல் அடகுக்குப் போனது.

எங்கள் பொட்டலங்களை விற்றுக்கொடுத்த மளிகைக் கடை அண்ணாச்சிதான் காரணத்தைச் சொன்னார். "கடை வேற, வீடு வேறம்மா. வீட்டுக்கு ஒண்ணு எடுத்தாலும் வெளியாளுக்கு வித்த மாதிரி எழுதிப் போடு. இல்லேன்னா வீடே கடையைத் தின்னுரும்."

அன்று முதல் அம்மாவின் நோட்டில் 'வீடு' என்று ஒரு வாடிக்கையாளர் சேர்ந்தார். ஓட்டலுக்குப் பத்து, ஆலந்தலை ஊர்க் கடைக்கு இருபது, வீட்டுக்கு ஒன்று. வாரம் ஒருமுறை தனக்குச் சம்பளம் எடுத்து, வீட்டுப் பொட்டலத்தின் விலையை அதிலிருந்து கடை டப்பாவில் போடுவார்கள். நான் அடுக்களையில் மசாலாவைப் பிரித்தால், "எழுதிட்டு எடுத்தியாளா?" என்று குரல் வரும். மகா கஞ்சம் என்று கேலி செய்வேன். அந்தக் கஞ்சத்தனத்தில்தான் கம்மல் மீண்டது, நான் பி.காம். முடித்தேன், தம்பி கப்பல் வேலைக்குப் போனான்.

நான் சென்னையில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன், அங்கேயே குடும்பமும் ஆகிவிட்டது. ஊரார் கணக்கெல்லாம் என் மேசைக்கு வரும். "இந்தத் தடவை கட்டாயம் வாரேம்மா" என்பேன். அலுவலகத்தில் ஏதாவது கடைசித் தேதி வந்து நிற்கும், டிக்கெட்டை ரத்து செய்வேன். "வேலையப் பாருளா. எனக்கு இங்கன என்ன கொறச்சல்? நாள் முழுக்க ஆளு வந்து போகுது" என்பார்கள். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். நான்கு நாள் முன்னால், மில் வாசலில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்த அம்மா எழவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த நோட்டுகளைப் புரட்டினேன். நாங்கள் இருந்தபோது வீட்டுக்கு வாரம் ஒரு பொட்டலம். தம்பி போனபின் மாதம் இரண்டு. நானும் போனபின் ஒரே பொட்டலம் இரண்டு மாதம் வந்திருக்கிறது. ஓர் ஆளுக்கு எவ்வளவு குழம்பு வேண்டும்?

நடுநடுவே மட்டும், "வீட்டுக்கு ஆறு. மகள் வருகிறாள்" என்று இருந்தது. நான் சென்னைக்கு எடுத்துப் போவதற்காக. சில நாள் கழித்து அதைக் குறுக்கே அடித்து, "வரவில்லை. ஆறும் கடைக்குத் திரும்பியது" என்று எழுதியிருந்தார்கள். இப்படி ஒன்பது இடங்கள். என்னிடம் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. ஒன்பதாவதைப் படித்தபோது சத்தம் போட்டு அழுதேன்.

கடைசிப் பக்கத்தில் பத்தாவது முறையாக ஆறு. அம்மா போன அன்று காலையில் எழுதியது. அடுக்களை அலமாரியில் ஆறு பொட்டலமும் சணல் கயிற்றில் கட்டியபடி இருந்தன.

அம்மாவுடன் பொட்டலம் போட்ட செல்வி அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "இத கடைக்குத் திருப்பி எழுதிரவாம்மா? அக்கா இருந்தா எழுதியிருப்பாக."

"வேண்டாங்க்கா" என்றேன். ஆறுக்கும் உரிய விலையை டப்பாவில் போட்டேன்.

அம்மாவை மில் வாசலிலிருந்து தூக்கி ஓடிய ஆட்டோக்காரருக்கும், தம்பி கரை சேரும்வரை வீட்டைவிட்டு நகராத தெருக்காரர்களுக்கும், அன்றைக்குக் கடையடைத்த அண்ணாச்சிக்கும், வியாபாரத்தை இன்றும் அதே நோட்டில் எழுதி நடத்தும் செல்வி அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நோட்டில் அம்மாவின் அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா எழுதியது சரிதான். இந்த முறை மகள் வந்துவிட்டாள், நான்கு நாள் முன்னதாகவே.