எட்டுச் சீட்டில் ஒன்பது

கரமனையில் எங்கள் தெருவில், ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அம்பத்தாறு ஆடுவோம். சீட்டாட்டம்தான். மூன்று பேர் ஒரு கட்சி, மூன்று பேர் எதிர்க்கட்சி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. இரண்டு சீட்டுக்கட்டைக் கலந்து ஆடுவதால் எந்தச் சீட்டுக்கும் ஜோடி உண்டு. ஜாக்கியைக் குலான் என்போம், அதுதான் பெரிது. ஒரே கையில் குலான் ஜோடியாக வந்தால், இத்தனை புள்ளி பிடிப்போம் என்கிற ஏலத்தைத் துணிந்து ஏற்றலாம். அந்த ஜோடிதான் என்னைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு நாற்பது வயது. மூன்று மாதமாகத் தலைவலி. காலையில் எழுந்தால் மண்டை பிளக்கும். மனைவி சுக்குப் பற்றுப் போட்டாள். ஆபீஸில் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகு இடது காது மந்தமானது. என் இடப்பக்கம் உட்கார்ந்து எதிர்க்கட்சிக்கு ஆடுபவர் அக்காவின் கணவர், என் அத்திம்பேர். தோற்றவன் குணுக்கு என்று ஒரு காகிதத் துண்டைக் காதில் தொங்கவிட வேண்டும், அது எங்கள் சட்டம்.

"குணுக்குப் போட்டுப் போட்டே நோக்குக் காது அடைச்சுடுத்துடா" என்றார். நானும் சிரித்தேன். சிரித்தால் தலை இன்னும் வலித்தது.

ஒரு ஞாயிறு, கையின் இடது ஓரத்தில் இரண்டு குலான். ஏலத்தை ஏற்றினேன். ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை எடுக்கப் போனால் காணோம்.

"முழுங்கிட்டியா?" என்றார் அத்திம்பேர். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. "கள்ளன், கேட்டேளா! இல்லாத குலானை வெச்சுண்டு ஏத்தறான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீட்டாடுகிறவனைக் கள்ளன் என்றால் யார் பொறுப்பார்கள்? அடுத்த முறை அவர் கலைத்து எனக்குப் போட்ட சீட்டு முழுவதையும் பாயில் விரித்து எண்ணினேன். "ஒம்பது இருக்கு! இப்போ யார் கள்ளன்?"

யாரும் சிரிக்கவில்லை. அத்திம்பேர் தன் உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடினார். "இப்போ எண்ணுடா."

எட்டுதான் இருந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வு வீங்கித் தடித்து, கண்ணுக்கும் காதுக்கும் போகிற நரம்புகளை நெரிக்கிறதாம். இடப்பக்கம் பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிந்தது அதனால்தானாம். அபூர்வமான நோய், காரணம் தெரியவில்லை, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்றார் டாக்டர். அத்திம்பேர் வராந்தாவுக்குப் போய் அழுதார். "சுகமில்லாதவனைக் கள்ளன்னுட்டேனே." எனக்கு அவரைவிடப் பயம், தேற்றத் தெம்பில்லை.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. முகம் இட்லியாக உப்பியது. அகோரப் பசியில் வீட்டுத் தோசை மாவையெல்லாம் நானே காலி செய்தேன். தலைவலி விட்டது, கண் சரியாயிற்று. இடது காது மட்டும் போனது போனதுதான்.

மறுபடி ஆட உட்கார்ந்த அன்று, அத்திம்பேர் தன் இடத்தை விட்டு எழுந்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன்.

"நான் திட்டறது நோக்குக் கேக்கண்டாமா?" என்றார்.