நகரமாக்கப்பட்ட எங்கள் ஊர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆந்திரத்தில் வடமாலபேட்டைக்கு அருகே, சென்னைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். அதைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கலாமா என்று பார்க்க அலுவலர் ஒருவர் வந்தார். விவசாயம் செய்வோர் மிகுந்திருந்தால் கிராமம், குறைந்திருந்தால் நகரம் என்று விளக்கிவிட்டே அவர் வீடு வீடாக விசாரித்தார்.

எங்கள் தெருவினர் நிலமற்றவர்கள். பிறர் கொல்லையில் உழைத்துப் பட்ட இழிவினால், வெளியாரிடம் கூலி என்ற சொல்லை நாங்கள் உச்சரிப்பதில்லை. பிறர் மாமரத்துக்கு மருந்தடித்துவிட்டு அந்த வாடையோடு வந்த என் தம்பியும், "கம்பெனி வேல சார்" என்றான்.

"எந்தக் கம்பெனி?"

"எது கூப்டாலும் போவேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த வீட்டு ஆண்களும் கம்பெனி என்றே சொன்னார்கள். சில மாதங்களில் ஊர் நகராட்சியோடு சேர்ந்தது. இளைஞர்கள் பட்டாசு வெடித்தார்கள்.

கணவன் கைவிட்ட என் மகள், கைக்குழந்தையோடு எங்களிடம் இருந்தாள். கிராமங்களுக்கு மட்டும் அரசு வழங்கும் உபாதி என்கிற நூறு நாள் வேலையில் ஏரிக் கால்வாய் தூர்வாரியே பிள்ளைக்குப் பால் வாங்கினாள். அடுத்த முறை வேலை தொடங்கியபோது அவளும் மண்வெட்டியோடு போனாள். பக்கத்து ஊர்ப் பெண் கேலி செய்தாள்: "இன்னாடி டவுன்காரி, மம்முட்டி எத்துக்கினு எங்க போற?"

"மாடு மேய்க்கிற டவுனு அக்கா எங்களுது" என்று மகளும் சிரித்தாளாம். ஆனால் மேற்பார்வையாளர் அவளை இறங்கவிடவில்லை. "மீ ஊரு டவுன் ஆயிப்போச்சும்மா. டவுனுக்கு உபாதி பனி லேது" என்றார். டவுனுக்கு அந்த வேலை கிடையாதாம்.

மனு எழுதி நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். "உங்க ஆளுங்க சொன்னதுதானே?" என்று கேட்டார்கள். மனுவோடு திரும்பி வந்தோம்.

சென்னையில் ஒரு வீட்டோடு தங்கிச் சமைக்கும் வேலை மகளுக்குக் கிடைத்தது. குழந்தையை அழைத்துவர அனுமதியில்லை. பேருந்து ஏறும்போது, "அழுதா தூக்கிக்கினு நட நைனா, தூங்கிடுவா" என்று என்னிடம் சொன்னாள்.

இப்போது பேத்தி என் மனைவியை அம்மா என்றழைக்கிறாள். ஒருநாள் மகள் அதை ஃபோனில் கேட்டுவிட்டாள். "இருக்கட்டும் நைனா, திருத்தாதே" என்றாள். என் மனைவி அன்று சாப்பிடவில்லை.

ஊர்களை வகைப்படுத்துவது எப்படி என்று எழுதும் பெரியோர்களாகிய உங்களிடம் எங்கள் கதையும் இருக்க வேண்டும். தயவுசெய்து இதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.